நரம்புக்கு எத்தனை மாதம்

எதையும் முதல் தடவையிலேயே நம்பிவிடாமல் இருப்பதற்காகத்தான் அரசாங்கம் எனக்கு அத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தது என்று நினைத்துக்கொள்வேன். விழுப்புரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் நரம்புப் பிரிவில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். நோயாளியின் கையிலோ காலிலோ சின்னதாகக் கரண்டு வைத்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து கொடுப்பது வேலை.

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கவிதா போன மாதம் போன் செய்தாள். புது மிஷின் வந்திருக்கிறதாம். வயதை மட்டும் அடித்துவிட்டால் போதுமாம், அளந்து முடித்ததும் சரியாக இருப்பது பச்சையிலும் கோளாறாக இருப்பது சிவப்பிலும் தானாக வந்துவிடுமாம். எந்த வயதுக்கு எவ்வளவு வேகம் என்று இனிமேல் அட்டவணை பார்க்கிற பேஜாரே இல்லை சார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். குழந்தைகளுக்கு எந்த வயதை அடிக்கிறாய் என்று கேட்டேன். பிறந்த தேதியை வைத்துத்தான், வேறு எதை அடிப்பார்கள் என்றாள். போனில் சொன்னால் பாதிதான் ஏறும் என்று தோன்றியது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் சந்தேகம் பிறவியிலேயே வந்தது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமண நயினார் வீட்டில் பிறந்தவன் நான். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். திண்டிவனத்தில் கல்லூரி, சென்னையில் பயிற்சி, பிறகு விழுப்புரத்தில் வேலை. பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் எந்த ஒயரை எங்கே ஒட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எதை நம்பக் கூடாது என்பதை வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

நம்பக் கூடாதவை ஏராளம். ஏ.சி.யை நம்பக் கூடாது. கை ஜில்லிட்டிருந்தால் நல்ல நரம்புகூட மெதுவாக ஓடும். சுவரில் இருக்கிற பிளக்கை நம்பக் கூடாது. அதிலிருந்து வரும் இரைச்சல் திரையில் ஏறி நரம்பைப் போலவே ஆடிக் காட்டும். அளவு டேப்பை நம்பக் கூடாது. கரண்டை முதலில் மணிக்கட்டில் வைப்போம், பிறகு முழங்கையில் வைப்போம். இரண்டு தடவையும் கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை துடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, இரண்டு இடத்துக்கும் உள்ள தூரத்தை அந்த நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். பெரியவர்கள் கையில் டேப் கொஞ்சம் நழுவினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பச்சைக் குழந்தையின் கையில் ஒரு விரற்கடை நழுவினால் நல்ல குழந்தையை நோயாளி ஆக்கிவிடலாம்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் ஜமீலா மேடம். கோட்டக்குப்பத்துக்காரர். அப்பாவும் அண்ணன்களும் வளைகுடாவில் இருந்தார்கள், இவர் மட்டும் விழுப்புரத்தை விட்டு நகரவில்லை. நான் அளந்து கொண்டுபோய் வைக்கும் எதையும் உடனே பார்க்க மாட்டார். முதலில் நோயாளியின் கையைத் தன் கையில் எடுத்துச் சூடு பார்ப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என்னிடம் எதிரி வக்கீல் மாதிரி கேள்வி கேட்பார். ஒரு தடவை கண்டாச்சிபுரம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இரண்டு கையிலும் வேகம் படு மோசமாக வந்தது. மேடம் அவர் விரலைத் தொட்டுவிட்டு, இவரை எங்கே உட்கார வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார வைத்திருந்தேன். வெந்நீர்த் துண்டைச் சுற்றி வைத்து மறுபடி அளந்தபோது மனிதருக்கு ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து வெந்நீர் பிளாஸ்க் இல்லாமல் நான் அந்த அறைக்குள் போனதில்லை.

இன்னொரு தடவை, விபத்து வழக்கு ஒன்றில் கை அசையவே இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். அளந்தால் நரம்பு சுத்தமாக இருந்தது. எனக்கு ஆத்திரம். ஆள் நடிக்கிறார் என்று எழுதிவிடலாமா என்று கேட்டேன். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நரம்பு நல்லா இருக்குதுன்னு மட்டும் எழுதுங்க நயினார். மனுசன் பொய் சொல்றான்னு கண்டுபுடிக்க நமக்கு மிஷின் குடுக்கல."

அது எனக்குப் பிடிக்கவில்லை. பொய்யைப் பொய் என்று சொல்லாவிட்டால் பிறகு எதற்கு இவ்வளவு ஒயர் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். கோமதி வந்தபோதும் அந்த நினைப்போடுதான் இருந்தேன்.

கோமதிக்குப் பிறந்த வீடு திண்டிவனம், வாக்கப்பட்டது கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற, சொந்த நிலம் உள்ள குடும்பம். கணவன் ஏழுமலை மஸ்கட்டில் டிரைவர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அவள் மூன்று வாரக் குழந்தையை எடுத்துக்கொண்டு மாமியார் அஞ்சலையோடு வந்திருந்தாள். ஆண் குழந்தை. தூக்கினால் துணி மாதிரி தொங்கியது. பால் குடிக்கத் தெம்பில்லை, அழுகை பூனைக்குட்டி சத்தம். நரம்பு வியாதியாக இருக்கலாம் என்று குழந்தை மருத்துவர் எங்களிடம் அனுப்பியிருந்தார். திண்டிவனத்தில் பிரசவம் பார்த்த இடத்தில் நிறைமாதக் குழந்தை என்று குறித்திருந்தார்கள்.

எத்தனையாவது மாதம் பிறந்தது என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"எட்டாம் மாசம் சார்" என்றாள் கோமதி. நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அவ்வளவு தயாராகப் பதில் வைத்திருப்பவர்களை நான் நம்புவதில்லை. மாமியாரைப் பார்த்தேன். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்லித் தூங்க வைத்தோம். வெந்நீர்த் துண்டில் கையைச் சுற்றினேன். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த முன்கையில் டேப்பை வைத்து மறுபடி மறுபடி அளந்தேன். கரண்டு வைத்தேன். திரையில் வளைவு அழகாக, சிதறாமல் வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. பெரியவர்களுக்கு நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் ஓடும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய அதில் பாதி இருக்கும். இந்தக் குழந்தைக்கு அதையும் விட நன்றாகக் குறைந்திருந்தது. ஒயரை மாற்றி, ஜெல்லைத் துடைத்து, மறுபடி செய்தேன். காலிலும் செய்தேன். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி மெதுவாகத்தான் இருந்தது.

குழந்தையைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். அஞ்சலையம்மாள் பின்னாலேயே வந்தார்.

"உங்க மிஷின்ல புள்ளைக்கு எத்தினி மாசம்னு தெரியுமா சார்?" என்று ரகசியமாகக் கேட்டார். எதற்கு என்றேன். "எம்புள்ள பொங்கலுக்குத்தான் சார் ஊருக்கு வந்தான். ஆவணியிலயே புள்ள பொறந்துடுச்சு. ரெண்டே முக்கா கிலோ. கொற மாசப் புள்ள இப்பிடியா இருக்கும்? ஊரே வெரல மடிச்சு எண்ணிக்கினு இருக்குது."

மிஷின் மாதம் சொல்லாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஆனால் விரல் மடித்து எண்ணும் புத்தி எனக்கும் வந்துவிட்டது. தை, மாசி என்று எண்ணிக்கொண்டேதான் மேடத்தின் அறைக்குப் போனேன். கணவன் வந்த பிறகு உண்டான குழந்தை என்றால் குறைமாதம்தான். நிறைமாதக் குழந்தை என்றால் அவன் ஊருக்கு வர விமானம் ஏறுவதற்கு முன்பே உண்டானது. அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லக் காரணம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், அஞ்சலையம்மாள் கேட்டதையும் சேர்த்து. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மெதுவா இருக்குதுன்னு எத வச்சி சொல்றீங்க?"

"மூணு வாரக் கொழந்தைக்கான டேபிள வச்சி மேடம்."

"வயச எப்ப இருந்து எண்ணினீங்க?"

"பொறந்த நாள்ல இருந்துதான்."

"நரம்பு எப்ப இருந்து எண்ணும்?"

மேடம் எழுந்து ஜன்னலோரம் நின்றுகொண்டு பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நரம்பின் மேல் சுற்றியிருக்கும் மையலின் என்கிற உறையைப் பற்றிச் சொன்னார். ஒயர் மேல் இருக்கும் பிளாஸ்டிக் போன்றது என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது பாதி உண்மைதான் என்றார். நரம்பு இழையில் கரண்டை உண்டாக்கும் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. சோடியம் உள்ளே நுழைவதற்கு ஒரு வகை வாசல், பொட்டாசியம் வெளியேறுவதற்கு இன்னொரு வகை. இளசான நரம்பில் சோடியம் வாசல்கள் நீளத்துக்கும் சிதறிக் கிடக்கும். கரண்டு ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று ஊர்ந்து போக வேண்டும். உறை துண்டு துண்டாகச் சுற்றிக்கொண்டு வரும்போது, இரண்டு துண்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் அந்த வாசல்கள் வந்து நெருக்கியடித்துக் கூடிவிடும். பொட்டாசியம் வாசல்கள் பக்கத்திலேயே உறைக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். எந்த வாசல் எங்கே இருக்க வேண்டும் என்று இடம் பிரித்துக் கொடுப்பதே அந்த உறைதான். அதற்குப் பிறகு கரண்டு ஊர்ந்து போகாது, இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும்.

"டவுன் பஸ்ஸு ஊருக்கு ஊரு நின்னு போவும். எக்ஸ்பிரஸ்ஸு திண்டிவனத்த வுட்டா விழுப்புரம்தான். ஸ்டாப்ப யாரு தீர்மானம் பண்றது? அந்த உறை" என்றார்.

அந்த உறை வளர்வது கரு உண்டான நாள் கணக்குப்படி. குழந்தை முன்னாலேயே வெளியே வந்துவிட்டது என்பதற்காக அது அவசரப்படாது. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூன்று வாரம் ஆனாலும், அதன் நரம்புக்கு இன்னும் ஒன்பது மாதம் நிறைந்திருக்காது. வாசல்கள் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கும். அப்போது இந்த மெதுவான வேகம்தான் அதற்குச் சரியான வேகம்.

அப்படியானால் அவள் சொன்னது உண்மை, குழந்தைக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதானே என்றேன். மேடம் இல்லை என்று தலையசைத்தார். பிறவியிலேயே உறை சரியாக அமையாத வியாதிகள் உண்டு, அவற்றிலும் சில எல்லா நரம்பிலும் ஒரே மாதிரி மெதுவாகத்தான் காட்டும் என்றார். அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. கோமதி உண்மை சொல்கிறாள் என்றால் குழந்தைக்கு நோய் இல்லை. பொய் சொல்கிறாள் என்றால் அந்தக் குழந்தைக்கு மருந்தே இல்லாத ஒரு நோய் இருக்கலாம். மருமகளைப் பொய்க்காரி ஆக்க நினைத்த அந்த மாமியாருக்கு, பேரப்பிள்ளையின் வியாதியைத்தான் வேண்டிக்கொள்கிறோம் என்று தெரியாது.

மேடம் கோமதியை உள்ளே கூப்பிட்டுக் குழந்தையின் காது மடலை முன்பக்கமாக மடித்து விட்டார். அது நிறைமாதக் குழந்தையின் காது போல உடனே நிமிராமல், மடிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்து, மெதுவாக நிமிர்ந்தது. கர்ப்பத்தின்போது சர்க்கரை இருந்ததா என்று கேட்டார்.

"இருக்குதுன்னாங்க மேடம். சோத்தக் கொறச்சிக்கினு கேப்பைக்களி சாப்புடச் சொன்னாங்க" என்றாள் கோமதி. மாதவிலக்கு தப்பித் தப்பி வரும் என்பதால் உண்டானதே தாமதமாகத்தான் தெரிந்ததாம். முதல் ஸ்கேனே வயிறு நன்றாகத் தெரிந்த பிறகுதான் எடுத்தார்களாம். குழந்தையின் அளவைப் பார்த்து அதில் மாதத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டார்கள்.

தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தை வயிற்றிலேயே பெருத்துவிடும், எடையை வைத்து மாதம் சொல்ல முடியாது என்று மேடம் எனக்கு விளக்கினார். ஆனாலும் காது ஒரு சாட்சி, சர்க்கரை ஒரு சாட்சி, இரண்டும் போதாது என்றார். பொங்கல் கழித்துக் குழந்தையை மறுபடி கொண்டுவரச் சொன்னார். வெறும் இளசு நரம்பாக இருந்தால் அதற்குள் வேகம் ஏறியிருக்கும். வியாதியாக இருந்தால் ஏறாது.

"எங்க ஊர்லயும் வெரல மடிச்சு எண்ணுவாங்க நயினார்" என்றார் கோமதி போன பிறகு. "புருசன் கடலத் தாண்டி இருக்கற வீட்டுல பொம்பளைங்க எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும். எண்ணிக்கினு வந்துட்டு எங்கிட்ட அளவக் காட்டாதீங்க."

நான் எண்ணியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பொங்கலுக்குப் பிறகு அவர்கள் வந்தபோது ஏழுமலையும் கூட இருந்தான். அவசர விடுப்பில் வந்திருந்தான். கோமதி பெஞ்சின் ஒரு முனையில் குழந்தையோடு, தாயும் மகனும் மறுமுனையில். அவன் குழந்தையைப் பார்ப்பதும் கண்ணை எடுப்பதுமாக இருந்தான். மூக்கு யார் மூக்கு, நெற்றி யார் நெற்றி என்று தேடுகிறான் என்று பார்த்தாலே தெரிந்தது. குழந்தை இப்போது தலையைத் தூக்கிப் பார்த்தது. அது நல்ல அறிகுறிதான், ஆனாலும் நான் நம்பவில்லை. புது ஒயர், புது ஜெல், சூடான துண்டு. முதல் அளவிலேயே வேகம் நன்றாக ஏறியிருந்தது. எனக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் வந்தது. இது நல்லதாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், ஆசைப்படுகிறவன் கையில் டேப் நழுவும். பக்கத்து அறை நர்ஸைக் கூப்பிட்டு அவரை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். அவர் அளந்தும் அதேதான் வந்தது. எட்டாம் மாதக் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்த வயதுக்கு உண்டான வேகம், கொஞ்சமும் குறையில்லை.

மேடம் கோமதியை மட்டும் முதலில் உள்ளே வைத்துக்கொண்டார். நான் ஒயர்களைத் துடைத்துக்கொண்டு நின்றேன். குழந்தைக்கு நரம்பு வியாதி இல்லை, குறைமாதத்தில் பிறந்ததால்தான் அப்படி இருந்தது, இதை வெளியே இருப்பவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம் என்றார். கோமதி கொஞ்ச நேரம் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்லச் சொன்னாள்.

மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள். மேடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். யாருடைய குழந்தை என்று எந்த நரம்பும் சொல்லாது, குறைமாதத்தில் வந்த குழந்தை என்பதற்கு இது பொருந்துகிறது, எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று அழுத்தியே சொன்னார். ஆனால் அஞ்சலையம்மாள் காதில் பாதிதான் விழுந்திருக்க வேண்டும். அழுதுகொண்டே குழந்தையை வாங்கக் கை நீட்டினார். ஏழுமலை முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"வா கோமதி, ஊட்டுக்குப் போலாம். ஜல்தி கெளம்பு" என்றான்.

கோமதி குழந்தையைக் கொடுக்கவில்லை. துண்டை எடுத்துக் குழந்தையின் கையில் ஒட்டியிருந்த ஜெல்லை நிதானமாகத் துடைத்தாள். அவள் அவனிடம் பேசவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்க சந்தேகத்துக்கு ரெண்டு தடவ கரண்டு வச்சிப் பாத்தீங்க சார். அது உங்க வேல. இந்த மனுசன் அஞ்சு மாசமா போன்ல கொழந்த எப்பிடி இருக்குதுன்னு அவங்க அம்மாவக் கேட்டாரு, அக்காவக் கேட்டாரு. ஒரு தடவகூட என்னக் கேக்கல. கேட்டுட்டு நம்பாம இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். மாமியார் கூப்பிட்டுக்கொண்டே வாசல் வரை ஓடினார். அவள் கண்டாச்சிபுரம் பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. திண்டிவனம் வண்டி நிற்கும் பக்கம் போனாள்.

ஏழுமலை நகராமல் நின்றுகொண்டிருந்தான். வியாதி இல்லை என்று கேட்ட சந்தோஷம் இன்னும் அவன் முகத்தில் மிச்சமிருந்தது, அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தான். எனக்கு அவன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வண்டி கிளம்புவதற்குள் போய் அந்தப் பெண்ணிடம் கேளப்பா என்றேன்.

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான்.

"இன்னும் இன்னா சார் கேக்கறது? அதான் மிஷின்லயே வந்துடுச்சே."